கோவிந்தா சொன்ன தாடை

இதை எழுதச் சொல்லி வீட்டில் எத்தனையோ முறை கேட்டார்கள். எனக்குத்தான் தைரியம் வரவில்லை. கதையில் பெருமாள் பேரும் வருகிறது, என் கடைவாய்ப் பல்லும் வருகிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் அபச்சாரம் ஆகிவிடுமோ என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டேன். போன மாதம் சாந்திபுரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், நான் யாரென்று தெரியாமல், "உங்களுக்குத் தெரியுமா சார், சித்தூர்ல ஒருத்தரு..." என்று ஆரம்பித்து என் கதையை எனக்கே சொன்னார். அவர் சொன்னதில் என் பல் பறந்துபோய்ப் பாயசத்தில் விழுந்தது. சம்பந்தி அதை முந்திரி என்று நினைத்து முழுங்கிவிட்டார். "அடப் பாவமே" என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். வந்ததும் தாளை எடுத்துவிட்டேன். இனியும் சும்மா இருந்தால் என் பல் எங்கெங்கே போய் விழுமோ!

நான் சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி ஒன்றில் பாய்லர் பார்க்கிறவன். படிப்பு எட்டாவதோடு சரி. நெற்றியில் நாமம் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டேன். நடக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், பாய்லரில் நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்காரும்போதும் வாய்க்குள் "கோவிந்தா, கோவிந்தா" என்று ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடுவது எனக்கே தெரியாது. "தூக்கத்துலகூட இந்த மனுசன் வாய் ஆடிக்கினே கீது" என்பாள் என் மனைவி சரோஜா.

பல் போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வயசுப் பிள்ளையாக இருந்தபோது சாக்கு மூட்டைத் தையலைப் பல்லால் அவிழ்ப்பதில் நான் பெரிய ஆள். சோடா மூடி, கம்பிக் கட்டு, நைலான் கயிறு எல்லாவற்றுக்கும் பல்தான். தெருவில் யாருக்காவது கத்தரிக்கோல் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் பெருமையாகப் போய்க் கடித்துக் கொடுத்துவிட்டு வருவேன். (புத்திசாலி என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.) கடைசியில் கீழே இடது பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் போயின. அதற்கு நேர் மேலே உடைந்து நின்ற பல்லுக்கு இரும்புத் தொப்பி ஒன்றை மாட்டினார்கள். அந்தத் தொப்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

என் மகள் கல்பனா திருப்பதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய்வந்தாள். அதே பஸ்ஸில் வந்த நகரிப் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நல்ல பையன். வீட்டுக்குப் பின்னாலேயே சொந்தமாகப் பவர்லூம் போட்டிருக்கிற குடும்பம். எங்கள் குடும்பத்துக்கோ என் அப்பா காலம் வரைக்கும் சொந்தமாக ஒரு வரப்புகூடக் கிடையாது, பிறத்தியார் கழனியில் கூலி. பையனின் அப்பா முனிரத்தினம் தங்கமான மனிதர், உடனே சரி என்றுவிட்டார். ஆனால் அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடைய அக்கா ராஜேஸ்வரி அம்மாவுடையது. அந்த அம்மா ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார்:

"வந்து நம்ம ஊட்ல ஒக்காந்து சாப்பிடட்டும். மனுசன் எப்டின்னு நான் எலையில பாத்துக்கறேன். அப்பறம் தட்டு மாத்தலாம்."

கல்பனா பயந்துவிட்டாள். நான் சாப்பிடுவதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் அவள். ஒரு பக்கமாக மென்று, பாதியை முழுங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவேன்.

"நைனா, அங்க வந்து நீ இப்டி மூஞ்ச வச்சிக்கினு சாப்டா, சாப்பாடு புடிக்கலன்னு நெனப்பாங்க. இல்லாட்டி அவங்களயே புடிக்கலன்னு நெனப்பாங்க. பல்லு கட்டிக்கோ. எனக்காக" என்றாள்.

எனக்காக என்று மகள் சொன்ன பிறகு அப்பன் என்ன பேசுவது? திருப்பதியில் அவளுக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டரிடம் தேதி வாங்கினாள். அவளுக்கு லீவு கிடைத்தது சனிக்கிழமை. மாதம் புரட்டாசி.

தெரிந்தவர்களுக்கு இங்கேயே புரிந்திருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமை சாயங்காலம் மாவிளக்கு ஏற்றித் தளிகை போடும்வரை என் வாயில் ஒன்றும் போகாது. என் மகளுக்கும் அது தெரியும். பஸ்ஸிலேயே எச்சரித்துவிட்டாள்: "டாக்டர் கிட்ட வெரதம் கிரதம்னு ஆரம்பிச்சிடாத நைனா. தேதி கெடைக்கறதே கஷ்டம். அவரு இன்னா சொல்றாரோ, அத செய்யி."

டாக்டர் சின்ன வயசுக்காரர், தெலுங்குக்காரர். பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசினார். "முந்தி எல்லாம் அச்சு எடுத்து, அதைப் பாத்து பல்லு செய்வாங்க அங்கிள். இப்புடு அட்ல காது, இப்ப அப்படி இல்ல. உங்க தாடை எந்தப் பக்கம் போகுது, எப்படித் திரும்புது, எப்படி அரைக்குது, எல்லாம் கம்ப்யூட்டர் பாக்கும். கம்ப்யூட்டர்லயே உங்க தாடையை ஆட்டிப் பாத்து, அதுக்கு ஏத்த மாதிரி பல்லு செய்யலாம்" என்றார்.

தலையில் ஒரு சட்டத்தை மாட்டினார்கள். (நாமத்தின் மேல் படாமல் மாட்டச் சொல்லிக் கெஞ்சினேன், மாட்டினார்கள்.) கீழ்ப் பல் வரிசையில் ஒரு சின்னக் கம்பியை ஒட்டினார்கள். அது வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எதிர்க் கண்ணாடியில் பார்த்தேன். கடிவாளம் போட்ட குதிரை ஒன்று நாமம் இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

திரையில் ஒரு மண்டையோடு வந்தது. ஏற்கனவே என்னைப் படம் பிடித்துச் செய்தது. "நோரு தெரவண்டி" என்றார் டாக்டர். வாயைத் திறந்தேன், மண்டையோடும் திறந்தது. மூடினேன், மூடியது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. (உயிரோடு இருக்கும்போதே தன் மண்டையோட்டைத் தரிசித்த பாக்கியவான் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.) தாடையை இடது பக்கம், வலது பக்கம் நகர்த்தச் சொன்னார். மிஷின் கீழே விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு நூல் நகர்த்தினேன். பிறகு அவர் என் உள்ளங்கையில் வறுத்த வேர்க்கடலையை வைத்தார்.

"இப்ப இதை நமலண்டி அங்கிள். வீட்ல மெல்ற மாதிரியே நல்லா மெல்லணும். இதுதான் ரொம்ப முக்கியம்."

ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் பெருமாள். நடுவில் வேர்க்கடலை. வாயைத் திறந்து "இன்னைக்கு விரதம் டாக்டர்" என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வேறு நாள் கொடுத்திருப்பார். எனக்கோ, படித்தவர்கள் முன்னால் பேச்சு எழும்பாது. டாக்டர் திரைப் பக்கம் திரும்பினார். கடலை என் சட்டைப் பைக்குள் போயிற்று. மெல்லுகிற மாதிரி நடித்துவிடலாம், மிஷினுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

ஒன்றுமே இல்லாத வாயால் சாப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம். தாடைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாதி திறந்தபடி நின்றுவிட்டது. "கானிவ்வண்டி அங்கிள், ஆகட்டும் ஆகட்டும்" என்று டாக்டர் அவசரப்படுத்தினார். சோறு இல்லாமல் ஆடுவதற்கு என் தாடை கற்றுக்கொண்ட வேலை ஒன்றே ஒன்றுதான். சத்தம் வராமல் அதை ஆரம்பித்துவிட்டேன்.

கோவிந்தா. கோவிந்தா. கோவிந்தா.

திரையில் மண்டையோடும் மகா பக்தியாக என்கூட ஆடிற்று.

"சாலா பாகுந்தி!" என்று டாக்டர் பாராட்டினார். "எவ்வளவு ஒழுங்கா மெல்றீங்க அங்கிள்! இப்படி நான் பாத்ததே இல்லை."

எப்படிப் பார்த்திருப்பார்?

அடுத்த முறை போனபோது பல் தயார். முத்து மாதிரி பற்களைச் சேர்த்து ஒரே பாலமாகச் செய்திருந்தார்கள். "இப்போதைக்கு லேசாத்தான் ஒட்டியிருக்கேன். எல்லாம் சாப்பிட்டுப் பாருங்க. எங்கயாவது இடிச்சா உடனே வாங்க" என்றார் டாக்டர். நான் கேட்டேன், தலையாட்டினேன், மறந்தேன். புது வேட்டி எடுத்தால் மடிப்புக் கலையாமல் விசேஷத்துக்கு வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். பல்லையும் அப்படியே வைத்துக்கொண்டேன். நகரிக்குப் போகும்வரை இட்லி, பொங்கல், தயிர்சாதம் தவிர எதையும் தொடவில்லை.

"இட்லி துன்றதுக்கா இம்மாந் தூரம் போயி பல்லு கட்டிக்கினு வந்த? அதுக்கு ஈறே போதுமே" என்றாள் சரோஜா.

"பல்லுக்குத் திறப்பு விழா சம்பந்தி ஊட்லதான்" என்றேன். (இந்த வாக்கியத்தைப் பிற்பாடு என்னிடமே திருப்பிச் சொன்னவர்கள் ஏராளம்.)

ஐப்பசியில் நல்ல நாள் பார்த்து நகரிக்குப் போனோம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். சம்பந்தி வீட்டில் மட்டும் அமைதி. விசேஷ நாள் என்று தறிகளை நிறுத்திவைத்திருந்தார் முனிரத்தினம். நடுக்கூடத்தில் பாய் போட்டு, அவருக்குப் பக்கத்திலேயே எனக்கும் நுனி இலை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அப்பா கூலிக்குப் போன வீடுகளில் அவருக்கு இலை விழுந்தது மாட்டுக் கொட்டகைப் பக்கம். அவர் பிள்ளைக்கு இன்றைக்கு நடுக்கூடத்தில் இலை. ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ராஜேஸ்வரி அம்மா எதிரே நின்று, தானே பரிமாறினார். கண் என் இலை மேலேயே இருந்தது.

முதலில் மசால் வடை. நல்ல மொறுமொறுப்பு. எடுத்தேன், கடித்தேன், அரைத்தேன்.

டக்கு.

திரும்ப அரைத்தேன். டக்கு, டக்கு, டக்கு. கீழே புதுப் பல், மேலே இரும்புத் தொப்பி. தாடை பக்கவாட்டில் போகும்போதெல்லாம் இரண்டும் மோதிக்கொண்டன. மண்டைக்குள் யாரோ சுத்தியல் வைத்துத் தட்டுகிற மாதிரி இருந்தது.

முனிரத்தினம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். பின்கட்டைப் பார்த்துக் கத்தினார்: "டேய், எவன்டா அது? நல்ல நாளும் அதுவுமா தறி ஓட்றது?"

நான் மெல்லுவதை நிறுத்தினேன். தறியும் நின்றது.

"சொன்னதும் நிறுத்திட்டாம் பாருங்க" என்றார் திருப்தியாக.

வடை வாய்க்குள் இருந்தது. எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பது? மெதுவாக ஆரம்பித்தேன். டக்கு, டக்கு.

"ஓட்றான் பாருங்க சம்பந்தி! எனக்கு மரியாதயே இல்லாம பூட்ச்சி!" எச்சில் கையோடு எழுந்து பின்பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் குழப்பம். "ஒருத்தனும் இல்ல. தறியெல்லாம் நின்னுக்கினு கீது. பக்கத்து ஊட்டுக்காரனாத்தான் இருக்கும்."

நான் மிச்ச வடையை அப்படியே முழுங்கினேன். தொண்டையில் அது தேர் மாதிரி அசைந்து அசைந்து இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னா அண்ணா, வச்சது வச்சபடியே கீது?" என்றார் ராஜேஸ்வரி அம்மா. குரலில் தேன் இல்லை. "எங்க ஊட்டு சாப்பாடு உங்களுக்கு ஆவாதா?"

கதவோரம் நின்ற கல்பனாவின் முகம் வெளுத்தது. பக்கத்து இலையிலிருந்து சரோஜா பல்லைக் கடித்துக்கொண்டு (அவளால் முடியும்) முணுமுணுத்தாள்: "துன்னுய்யா. பொண்ணு வாழ்க்கைய்யா."

சாப்பிடாமல் எழுந்தால் ஒரு வீட்டுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து, வைத்த தண்ணீர் டம்ளரைத் தொடாமல், "இப்பதான் குடிச்சேன்" என்று எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தை இந்த வீட்டில் நான் காட்டலாமா? அரைத்தால் தறி ஓடும், முழுங்கினால் மூச்சு நிற்கும். என்ன செய்ய? சேனைக்கிழங்கு வறுவலை வாயில் வைத்துக்கொண்டு, வழி தெரியாமல், பெருமாளைக் கூப்பிட்டேன்.

கோவிந்தா.

சத்தம் வரவில்லை.

நம்ப முடியாமல் இன்னொரு முறை சொன்னேன். கிழங்கு நசுங்கியது. இன்னொரு முறை. இன்னும் நசுங்கியது. எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி மேல்பல்லும் கீழ்ப்பல்லும் வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தின. அப்புறம் நான் யாரையும் பார்க்கவில்லை. வறுவலுக்குக் கோவிந்தா, அப்பளத்துக்குக் கோவிந்தா, பொரியலுக்குக் கோவிந்தா. நாமம் சொல்லச் சொல்ல இலை காலியாகிக்கொண்டே வந்தது. உணர்ச்சி வேகத்தில் உதட்டிலும் வந்துவிட்டது போலிருக்கிறது. நிமிர்ந்தபோது ராஜேஸ்வரி அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"டேய் முனிரத்தினம், பாத்தியாடா? ஒவ்வொரு வாய்க்கும் சாமி பேரு சொல்லி துன்றாரு. மொதல்ல நான்தான் தப்பா நெனச்சிட்டேன். இப்டிப்பட்ட மனுசன் ஊட்லேந்து பொண்ணு வர நாம குடுத்து வச்சிருக்கணும். தட்ட எடுங்கடா!"

தட்டு மாற்றினார்கள். அதோடு விட்டார்களா? அந்தப் பந்தியில் மிச்சம் இருந்த எல்லாரையும் கோவிந்தா சொல்லிச் சொல்லிச் சாப்பிட வைத்தார் அந்த அம்மா. உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. (திறந்தால் தறி ஓடும்.)

அடுத்த வாரமே டாக்டரிடம் ஓடினேன். சரோஜாவும் கூட வந்தாள். டாக்டர் என்னை அரைக்கச் சொன்னார். டக்கு டக்கு. அவர் முகம் வாடிவிட்டது. பழைய பதிவைத் திரையில் ஓட்டி, "கம்ப்யூட்டர்ல எல்லாம் கரெக்டா இருக்கே. உங்க தாடை மேல கீழதான் போகுது, பக்கத்துக்குப் போகவே இல்லை. அதுக்கு ஏத்த மாதிரி பல்லுல மேடு பள்ளம் வச்சோம்" என்று தலையைச் சொறிந்தார்.

சரோஜா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டையோடு வாயைக் குவித்தது, விரித்தது, திறந்தது, மூடியது.

"டாக்டரு, அது துன்னல" என்றாள்.

"அப்போ?"

"கோவிந்தா சொல்லினு கீது. இருவத்திநாலு மணி நேரமும் பாக்கறேன், எனக்குத் தெரியாதா அந்த வாயி? நீங்க குடுத்த கல்லக்கா சட்டப் பையில கெடந்துச்சி. துணி தொவைக்கறப்போ எடுத்தேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு விரதம் இல்லை. திரும்பவும் கடிவாளத்தை மாட்டி, நிஜக் கடலையை மென்றேன். எருமை அசைபோடுகிற மாதிரி மண்டையோடு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அரைத்தது. அதற்கு ஏற்றபடி புதுப் பல் வந்தது. இன்றுவரை ஒரு சத்தம் இல்லை.

போகும்போது டாக்டர் கேட்டார்: "அந்தப் பழைய பதிவை நான் வச்சுக்கலாமா அங்கிள்? பேரு ஊரு எதுவும் இருக்காது. மெல்லாம நடிக்கிறவங்களுக்குக் காட்டுவேன்." மண்டையோட்டைப் பார்த்து யாருக்கு என்ன தெரியப்போகிறது? தாராளமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. கொஞ்ச நாள் கழித்துக் கல்பனாவிடமிருந்து போன்.

"நைனா, அத்தம்மா உன்னப் பாத்துட்டாங்க."

"எங்க?"

"பல்லு டாக்டர் கிட்ட. பெரிய டி.வி.ல. வெறும் எலும்பா கீற."

ராஜேஸ்வரி அம்மாவுக்குப் பல் வலி. "சித்தூர் சம்பந்தி போன டாக்டர் கிட்டயே போலாம்" என்று கிளம்பியிருக்கிறார். டாக்டர் வழக்கம்போல, "அம்மா, தயவுசெஞ்சு நிஜமா மெல்லுங்க, ஒருத்தர் இப்படித்தான் மெல்லாம நடிச்சு, கட்டின பல்லு டக்கு டக்குன்னு இடிச்சுது..." என்று மண்டையோட்டை ஓட்டிக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா அது வாயசைப்பதைப் பார்த்துவிட்டு, "இது எங்க சம்பந்தி ஆச்சே" என்றாராம்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மானம் போனால் போகட்டும், அந்த வீட்டில் என் மகள் வாழ்கிறாளே! மறுநாளே ராஜேஸ்வரி அம்மா சித்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு டின். எதிரே உட்கார்ந்து மூடியைத் திறந்தார். முறுக்கு.

"துன்னுங்க அண்ணா. என் முன்னாடி."

தின்றேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். முறுக்குச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"நேத்து கோவந்தான் வந்துச்சி" என்றார். "பக்தின்னு நெனச்சி கையெடுத்து கும்புட்டனே, நடிச்சிட்டாரேன்னு. அப்பறம் பஸ்ல வர்றப்போ ரோசன பண்ணேன். பல்லு வலிக்குதுன்னு எழுந்து போயிருக்கலாம் நீங்க. எங்க மனசு நோவக் கூடாதுன்னு ஒக்காந்து எலையக் காலி பண்ணீங்க. சாமி பேரு சொன்னதும் நெசந்தான, பொய் இல்லியே?"

எனக்கு வாயில் முறுக்கு. தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஆனா எந் தம்பிய எச்சிக் கையோட தறிக் கொட்டாய்க்கு ஓட வச்சீங்க பாருங்க, அத மட்டும் மன்னிக்க மாட்டேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்றைக்கும் நகரி வீட்டில் காலையில் தறி ஓட ஆரம்பித்தால், "சித்தூர் சம்பந்தி டிபன் சாப்பிட ஒக்காந்துட்டாரு" என்பார்களாம். நான் அங்கே பந்தியில் உட்கார்ந்தால் முனிரத்தினம் முதலில் பின்கட்டுப் பக்கம் போய், "எல்லாம் நிறுத்தியாச்சா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் இலைக்கு வருவார். ஆனால் அந்த வீட்டில் முதல் வாய்க்குக் கோவிந்தா சொல்லும் வழக்கம் மட்டும் அன்றிலிருந்து நிற்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. நடந்தபடியே சொல்லுங்கள், அது போதும். பல் பறக்கவில்லை. பாயசத்தில் விழவில்லை, அன்றைக்குப் பாயசமே கிடையாது, கேசரிதான். சம்பந்தி எதையும் முழுங்கவில்லை, முழுங்கியது நான், அதுவும் வடையை. எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். கோவிந்தாவை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளுங்கள்.